கரடுமுரடான நிலத்துக்கு ஏற்ற எஞ்சின் எது? – ஒரு மீளாய்வு

சாலை இல்லாத நிலத்தில் ஓட வேண்டிய மோட்டார்சைக்கிளுக்கு எத்தகைய எஞ்சின் பொருந்தும் என்ற கேள்வி, 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லி மேட்டுநிலத்தில் ‘ஸ்கிராம்பிள்’ என்ற பெயரில் நடந்த பந்தயத்தின் காலம் தொட்டே கேட்கப்பட்டு வருகிறது. பின்னர் மோட்டோகிராஸ் என்று உலகெங்கும் பெயர்பெற்ற அந்தப் பந்தயத்திலும், அதற்கு உறவான நெடுநேர என்டியூரோ, தடைகளைக் கடக்கும் டிரையல்ஸ், பாலைவன ரேலி ஆகியவற்றிலும், ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளர்களும் தாம் கண்ட விடையையே முடிந்த முடிவாகக் கொண்டனர். அடுத்த தலைமுறை அதைத் திருத்தி எழுதியது. அண்மையில் டிரையம்ப், டுகாட்டி போன்ற நிறுவனங்கள் மோட்டோகிராஸுக்கெனப் புதிய எஞ்சின்களை உருவாக்கியிருப்பதும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு தன் ‘ஹிமாலயன்’ வண்டிக்கு அடிப்படையிலேயே வேறான எஞ்சினை 2023இல் அறிமுகப்படுத்தியதும் இக்கேள்வியை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்துள்ளன. இதுவரை முன்வைக்கப்பட்ட முதன்மையான விடைகளையும், அவை தோன்றிய சூழலையும், அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை ஒருசேர மதிப்பிட முயல்கிறது.

கேள்வியின் தன்மை

தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையேயான பிடிப்பு ஓரளவு சீரானது என்பதால், அங்கே எஞ்சினின் உச்சத் திறனைப் பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. மணல், சேறு, உருளும் கல், ஈரமான வேர் ஆகியவற்றின் மீது ஓடும்போது அந்தப் பிடிப்பு சில அடிகளுக்குள்ளேயே மாறிவிடுகிறது. பிடிப்பை மீறிய விசை பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலச் செய்கிறதேயன்றி வண்டியை முன்னே தள்ளுவதில்லை. ஆகவே இங்கு இரண்டு அளவுகளைப் பிரித்தறிவது இன்றியமையாதது. கிராங்க் தண்டைத் திருப்பும் விசையின் அளவு முறுக்குவிசை எனப்படுகிறது. அந்த விசை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைக் குதிரைத்திறன் குறிக்கிறது. குறைந்த சுழற்சி வேகத்திலேயே போதிய முறுக்குவிசை கிடைப்பதும், ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவுக்கு ஏற்ப அது திடுக்கென்று ஏறாமல் படிப்படியாக உயர்வதும் ஆஃப்-ரோடு ஓட்டத்தின் முதல் தேவைகள்.

இவற்றோடு எடை குறைவு, மெதுவாக ஊர்ந்து செல்லும்போதும் சூடேறாத குளிர்விப்பு, விழுந்தால் உடையாத உறுதி, பட்டறையிலிருந்து தொலைவில் பழுதுபார்க்கக் கூடிய எளிமை ஆகியவையும் சேர்கின்றன. இந்தத் தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுவதே சிக்கலின் வேர். உறுதியைக் கூட்டினால் எடை கூடுகிறது. எடையைக் குறைத்தால் உதிரிபாகங்களின் ஆயுள் குறைகிறது. ஒவ்வொரு விடையும் இவற்றில் எதற்கு முன்னுரிமை தந்தது என்பதே அதன் வரலாறு.

முதல் விடை: பெரிய ஒற்றைச் சிலிண்டர்

1950களில் பிஎஸ்ஏ, மேட்ச்லெஸ், ஏஜேஎஸ் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் களத்தில் முன்னிலை வகித்தன. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்குவதற்குள், அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள், எரிபொருள் ஒரு முறை வெடிக்கிறது. பெரிய சிலிண்டரில் நிகழும் ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையே சக்கரம் மண்ணை மீண்டும் பற்றிக்கொள்ளச் சிறு அவகாசம் கிடைக்கிறது என்பதும், கனமான ஃப்ளைவீல் சுழற்சியைச் சீராக வைத்திருக்கிறது என்பதும் இந்த வகைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்கள். வெடிப்புகளின் இடைவெளியால் பிடிப்பு மேம்படுகிறது என்ற கருத்து ஓட்டுநர்களிடையே பரவலாக நிலவினாலும், அதில் ஃப்ளைவீலின் பங்கு எவ்வளவு, இடைவெளியின் பங்கு எவ்வளவு என்பதை முழுமையாகப் பிரித்துக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை.

இந்த விடையின் பலவீனம் எடை. அதை உணர்ந்த பிஎஸ்ஏ, சிறிய 350 சிசி எஞ்சினை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இலகுவான எஞ்சினைக் கொண்டு, ஜெஃப் ஸ்மித்தின் வழியே 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் 500 சிசி உலகப் பட்டத்தை வென்றது. அந்த வெற்றியைத் தக்கவைக்க 1966இல் டைட்டானியச் சட்டகத்தை முயன்றபோது, பந்தய இடத்தில் அதைப் பற்றவைத்துச் சரிசெய்வது பெரும் சிரமமாயிற்று. எடைக்கும் பழுதுபார்ப்பின் எளிமைக்கும் உள்ள முரண்பாட்டை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாம் விடை: டூ-ஸ்ட்ரோக்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. வால்வும் அதை இயக்கும் கேம் தண்டும் தேவையில்லை. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே அதே கன அளவில் கூடுதல் திறனும், கணிசமாகக் குறைந்த எடையும் கிடைக்கின்றன. 1920களில் ஜெர்மனியில் அடால்ஃப் ஷ்னூர்லே வகுத்த முறை, புதிய கலவையைச் சிலிண்டருக்குள் வளைந்து பாயச் செய்து எரிந்த புகையை வெளியேற்றியது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்ஸட் நிறுவனத்தில் வால்டர் காடன், நடுவில் உப்பி இருபுறமும் குவியும் புகைக்குழாயை முறையாக வளர்த்தெடுத்தார். குழாயின் முனையில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவிய புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது என்பதே அதன் தத்துவம். எம்ஸட் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்ததோடு அந்த அறிவு ஜப்பானை அடைந்தது.

மோட்டோகிராஸில் இதன் விளைவு விரைவாகத் தெரிந்தது. 1966இல் கிழக்கு ஜெர்மானியரான பால் ஃபிரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் சிஸட் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 500 சிசி பட்டத்தை வென்றார்; அடுத்த இரு ஆண்டுகளிலும் அதைத் தக்கவைத்தார். டிரையல்ஸ் பந்தயத்தில் ஸாமி மில்லர் கனமான ஏரியல் ஃபோர்-ஸ்ட்ரோக்கை விட்டு ஸ்பெயினின் புல்டாகோ டூ-ஸ்ட்ரோக்குக்கு மாறி, 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றார். 1968இல் யமஹாவின் டிடி-1 இந்த எளிய எஞ்சினைச் சாதாரண வாடிக்கையாளரின் கைக்கே கொண்டுவந்தது.

குறைகளும் எஞ்சினின் இயல்பிலேயே இருந்தன. புகைக்குழாயின் அலை ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே சரியாக ஒத்திசைவதால், அந்த வேகத்தை எட்டும்வரை மந்தமாக இருக்கும் எஞ்சின் எட்டியதும் திடீரெனச் சீறுகிறது. உறிஞ்சும் வழியில் வைக்கப்பட்ட ரீட் வால்வும், புகைத்துளையின் உயரத்தைச் சுழற்சிக்கேற்ப மாற்றும் பவர் வால்வும் இக்குறையைப் பெருமளவு தணித்தன. ஆனால் புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுவதும், எரிபொருளோடு கலந்த எண்ணெய் புகைவதும் அவற்றால் தீராத குறைகளாக நின்றன.

மூன்றாம் விடை: ஃபோர்-ஸ்ட்ரோக்கின் மீள்வருகை

1993இல் ஜாக்கி மார்ட்டென்ஸ் ஹஸ்க்வர்ணா ஃபோர்-ஸ்ட்ரோக்கில் 500 சிசி உலகப் பட்டத்தை வென்றபோது, ஜெஃப் ஸ்மித்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அப்பெருமை அந்த எஞ்சின் வகைக்கு மீண்டது. எனினும் திருப்பத்தை உறுதிசெய்தது யமஹா. சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள் கொண்ட அதன் 400 சிசி முன்மாதிரியில் டக் ஹென்றி 1997இல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸ் (அரங்க மோட்டோகிராஸ்) பந்தயத்தை வென்றார். மறு ஆண்டு விற்பனைக்கு வந்த ஒய்ஸட்400எஃப் வண்டியில் அமெரிக்காவின் 250 சிசி தேசிய மோட்டோகிராஸ் பட்டத்தையும் கைப்பற்றினார்.

இந்த மாற்றத்தின் காரணங்கள் குறித்து இரு நிலைப்பாடுகள் உள்ளன. கேம், வால்வு, உலோகவியல் ஆகியவற்றில் ஏற்பட்ட முன்னேற்றத்தால் ஃபோர்-ஸ்ட்ரோக் தானாகவே மேம்பட்டது என்பது ஒன்று. பந்தய விதிகளே அதற்குக் களம் அமைத்தன என்பது மற்றொன்று. ஹென்றி வென்ற காலத்தில் 250 சிசி டூ-ஸ்ட்ரோக்குகளுடன் 550 சிசி வரையிலான ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் போட்டியிட அமெரிக்க விதி இடமளித்தது. 2004இல் உலகப் போட்டிகளும் 450 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கை 250 சிசி டூ-ஸ்ட்ரோக்குக்கும், 250 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கை 125 சிசி டூ-ஸ்ட்ரோக்குக்கும் இணையாக வைத்தன. ஏறத்தாழ இரு மடங்கு கன அளவு தந்தபின் கிடைத்த வெற்றியைத் தூய பொறியியல் வெற்றியாகக் கருதுவது கடினம். அதே வேளையில், விசையின் சீரான எழுச்சியும் எஞ்சின் தரும் பிரேக் விளைவும் ஓட்டுநர்களுக்கு உண்மையான பயனளித்தன என்பதையும் மறுக்க இயலாது. 1990களில் கலிபோர்னியா மாநிலம் வகுத்த புகை விதிகள் டூ-ஸ்ட்ரோக்கின் பயன்பாட்டைச் சுருக்கியதும் தராசின் இதே தட்டில் சேர்ந்தது.

இதற்கான விலையை வாடிக்கையாளர்கள் தந்தனர். மோட்டோகிராஸ் எஞ்சின்களின் பராமரிப்பு கிலோமீட்டரில் அல்லாமல் ஓடிய மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் அதன் வளையங்களும் மாற்றப்பட்டால் பெரும்பாலும் வேலை முடிகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் டைட்டானிய வால்வு, அதன் இருக்கை, கேம் செயின் என்று பட்டியல் நீள்கிறது. கடும் என்டியூரோ எனப்படும் பாறைப் பந்தயங்களில் 300 சிசி டூ-ஸ்ட்ரோக்குகள் இன்றும் முன்னிலை வகிப்பதற்கு எடையோடு இந்த எளிமையும் காரணமாகலாம். 2017இல் கேடிஎம் அறிவித்த முறையில், சிலிண்டரின் பக்கத்துளைகளில் எரிபொருள் நேரடியாகத் தெளிக்கப்பட்டு, எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து மின்னணுப் பம்பால் அளந்து தரப்படுகிறது. டூ-ஸ்ட்ரோக்கின் கதை முடிந்துவிட்டது என்ற கணிப்பு அவசரமானது என்பதை இது உணர்த்துகிறது.

எத்தனை சிலிண்டர்கள்?

பாலைவன ரேலியில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. நீண்ட சமவெளிகளில் உச்ச வேகம் தேவைப்பட்டதால் பல சிலிண்டர் எஞ்சின்கள் கவனம் பெற்றன. 1979இல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் ரேலியை யமஹா எக்ஸ்டி500 என்ற எளிய ஒற்றைச் சிலிண்டர் வண்டி வென்றது; 1981இல் பிஎம்டபிள்யூவின் இரட்டைச் சிலிண்டர் பாக்ஸர் வென்றது. 1986 முதல் 1989 வரை ஹோண்டாவின் வி வடிவ இரட்டைச் சிலிண்டர் தொடர்ந்து நான்கு முறை வென்றது. ஆனால் கனமான வண்டி வேகமாக விழுந்தால் ஏற்படும் ஆபத்து பெரிது. 2000களில் கேடிஎம்மின் ஒற்றைச் சிலிண்டர்கள் களத்தைப் பிடித்ததும், பின்னர் அமைப்பாளர்களே கன அளவை 450 சிசியாகக் கட்டுப்படுத்தியதும் இந்தப் பாதையை அடைத்தன.

பயண வண்டிகளில் மட்டும் இரட்டைச் சிலிண்டர் நிலைத்துள்ளது. யமஹாவின் டெனெரே 700, ஹோண்டாவின் ஆஃப்ரிக்கா ட்வின் ஆகியவற்றில் இரு சிலிண்டர்களும் அருகருகே நிற்க, கிராங்க் முனைகள் 270 பாகை விலகலில் அமைக்கப்பட்டுள்ளன. வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழாமல் நெருங்கியும் விலகியும் வருவதால் பிடிப்பை உணர்வது எளிதாகிறது என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். ஒற்றைச் சிலிண்டரின் பழைய வாதமே இங்கு புதிய வடிவில் திரும்பியுள்ளது எனலாம்.

எஞ்சினை எங்கே, எப்படி வைப்பது?

எஞ்சினின் உள்ளமைப்பைக் காட்டிலும் அது வண்டியில் அமரும் விதமே முக்கியம் என்ற நிலைப்பாடும் உண்டு. கிராங்கின் சுழற்சித் திணிவு வண்டி சாய்வதை எதிர்க்கிறது. எடை எவ்வளவு தூரம் மையத்தில் குவிகிறதோ அவ்வளவு எளிதாக வண்டி திரும்புகிறது. சைக்கிள் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான கேனன்டேல், சிலிண்டர் தலையை முன்பின்னாகத் திருப்பி, காற்றை முன்புறத்திலிருந்து எடுத்து, புகையைப் பின்புறம் வெளியேற்றும் எஞ்சினை எரிபொருள் இன்ஜெக்‌ஷனுடன் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்டது. ஜப்பானிய மோட்டோகிராஸ் வண்டிகள் அப்போது கார்புரேட்டரையே நம்பியிருந்தன. நம்பகத்தன்மைக் குறைகளும் செலவுச் சுமையும் சேர்ந்து அந்நிறுவனம் 2003 ஜனவரியில் திவால் பாதுகாப்பை நாட நேர்ந்தது. ஏறத்தாழ அதே திருப்பிய அமைப்பை யமஹா 2010இல் ஒய்ஸட்450எஃப் வண்டியில் கையாண்டு இன்றுவரை தொடர்கிறது. பின்சக்கரக் கையின் சுழல் மையத்திலேயே முன்பற்சக்கரத்தை வைத்து, கிளட்சைக் கிராங்கின் மீதே பொருத்திய பிஎம்டபிள்யூவின் ஜி450எக்ஸ், 2008இல் வந்து சில ஆண்டுகளிலேயே மறைந்தது.

ஒரே கருத்து ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றதை நோக்கும்போது, புதுமையின் தரத்தைவிட அதைச் சோதித்துத் திருத்தும் காலமும் பொருள்வளமுமே முடிவைத் தீர்மானித்தன என்று கருத இடமுண்டு.

நீண்ட வீச்சா, குறுகிய வீச்சா?

சிலிண்டரின் விட்டத்துக்கும் பிஸ்டன் பயணிக்கும் தூரமான வீச்சுக்கும் உள்ள விகிதம், எஞ்சினின் குணத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் மோட்டோகிராஸ் எஞ்சினின் விட்டம் 96 மி.மீ., வீச்சு 62.1 மி.மீ. 2016இல் வந்த முதல் ஹிமாலயனின் 411 சிசி எஞ்சினிலோ விட்டம் 78, வீச்சு 86 மி.மீ. நிமிடத்துக்கு 11,000 சுழற்சியில் முன்னதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்குச் சுமார் 23 மீட்டர் வேகத்தில் நகரும். அதே சுழற்சியில் பின்னதன் பிஸ்டன் நொடிக்கு 31 மீட்டரைத் தாண்ட நேரும் என்பதால், உராய்வும் உலோகத்தின் மீதான இழுவிசையும் தாங்கும் அளவைக் கடந்துவிடும். ஆகவே நீண்ட வீச்சு எஞ்சின் இயல்பாகவே குறைந்த சுழற்சிக்குக் கட்டுப்பட்டது. பழைய ஹிமாலயன் 6,500 சுழற்சியில் 24 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கூடுதலாகவும், 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது.

மலைப்பாதையில் ஊர்ந்து ஏறுவதற்கு இந்தக் குணம் பெரிதும் போற்றப்பட்டாலும், நெடுஞ்சாலையில் அதன் திறன் போதவில்லை என்ற குறை நிலவியது. 2023இல் வந்த 452 சிசி ‘ஷெர்பா’ எஞ்சின் நீர்க்குளிர்விப்பு, இரட்டைக் கேம், நான்கு வால்வு ஆகியவற்றோடு விட்டத்தை 84 மி.மீ. ஆக்கி, வீச்சை 81.5 மி.மீ. ஆகக் குறைத்தது. அதன் விளைவாக 8,000 சுழற்சியில் 40 குதிரைத்திறனும், 5,500 சுழற்சியில் 40 நியூட்டன் மீட்டரும் கிடைக்கின்றன. உச்ச முறுக்குவிசை கால் பங்கு கூடியுள்ளது. ஆனால் அது கிட்டும் சுழற்சி வேகமும் குறைந்தது ஆயிரம் உயர்ந்துள்ளது. பந்தய எஞ்சினின் மிகக் குறுகிய வீச்சை ஏற்காமல் ஏறத்தாழச் சமமான விகிதத்தில் நின்றிருப்பது, அன்றாடப் பயணத்தையும் கரடுமுரடான பாதையையும் ஒருங்கே நோக்கிய சமரசமாகும். காற்றுக்குளிர்விப்பின் எளிமை இதில் இழக்கப்பட்டது. கல்லடி படக்கூடிய ரேடியேட்டர் வந்துசேர்ந்தது. உள்ளூர்ப் பட்டறைகளில் இந்த எஞ்சின் நீண்ட காலத்தில் எப்படி நிலைபெறும் என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை.

பந்தயத் தளத்திலும் இந்தியாவின் பங்கு வளர்ந்துள்ளது. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோவுடன் இணைந்து டக்காரில் பங்கேற்றுள்ளது. ஹீரோ அணியின் 450 சிசி வண்டியில் ராஸ் பிராஞ்ச் 2024இல் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

மின்மோட்டார் என்னும் விடை

சுழற்சி தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்குவிசையும் தரவல்ல மின்மோட்டார், கோட்பாட்டளவில் இத்துறையின் நெடுநாள் தேவைக்கு நேரான விடையாகத் தோன்றுகிறது. கிளட்சும் கியரும் இன்றியே இயங்குவது, புகையின்மை, ஒலிக் குறைவு ஆகியவை அதன் பலங்கள். ஒலி காரணமாகப் பல நாடுகளில் ஓட்டுதளங்கள் மூடப்பட்டுவரும் நிலையில் கடைசிப் பலம் சிறியதன்று. கலிபோர்னியாவின் ஆல்டா நிறுவனம் திறமையான வண்டியை உருவாக்கியும் 2018இல் மூடப்பட்டது. பார்சிலோனாவைச் சேர்ந்த ஸ்டார்க், 2021இல் 80 குதிரைத்திறன் தரும் ‘வார்க்’ வண்டியை அறிவித்தது.

தடை மின்கலத்தில் உள்ளது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியுள்ளது. ஏழு லிட்டர் தொட்டியின் ஆற்றலில் கால் பங்கே சக்கரத்தை அடைவதாகக் கொண்டாலும், அது சுமார் 15 கிலோவாட் மணியாகிறது. மோட்டோகிராஸ் வண்டியில் எடை மீறாமல் வைக்கக்கூடிய மின்கலம் ஆறு அல்லது ஏழு கிலோவாட் மணியை ஒட்டியே நிற்கிறது. அரைமணி நேர மோட்டோகிராஸுக்கு இது போதுமானதாகலாம். மின்னூட்ட வசதியற்ற காட்டில் நாள் முழுதும் ஓடும் என்டியூரோவுக்கும், பல நூறு கிலோமீட்டர் நீளும் ரேலிக்கும் இப்போதைக்குப் போதாது.

மதிப்பீடு

இந்த விடைகளை ஒருங்கே நோக்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியுடன் கூறலாம். முதலாவதாக, உச்சக் குதிரைத்திறன் எக்காலத்திலும் தனித்து வெற்றியைத் தீர்மானித்ததில்லை. அது பின்சக்கரத்தை அடையும் விதமும் அதற்காகச் சுமக்க நேரும் எடையுமே தீர்மானித்துள்ளன. இரண்டாவதாக, கன அளவு விதிகளும் புகை விதிகளும் எஞ்சினின் வடிவத்தைப் பொறியியலுக்கு இணையாகச் செதுக்கியுள்ளன. புதிதாக வந்த டிரையம்பும் டுகாட்டியும் முறையே 250, 450 சிசி ஒற்றைச் சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளுடனேயே களமிறங்கியிருப்பது, அந்த விதிகள் வகுத்த எல்லையின் வலிமைக்குச் சான்று. மூன்றாவதாக, மோட்டோகிராஸ், கடும் என்டியூரோ, ரேலி, பயணம் ஆகியவற்றுக்கு ஒரே எஞ்சின் பொருந்தும் என்ற எதிர்பார்ப்புக்கு வரலாற்றில் ஆதரவு இல்லை.

தீராத கேள்விகள் மூன்று. வெடிப்பு இடைவெளி பிடிப்பை உண்மையிலேயே எவ்வளவு மேம்படுத்துகிறது என்பது ஒன்று. இன்ஜெக்‌ஷன் பெற்ற டூ-ஸ்ட்ரோக், இனி இறுகப்போகும் புகை விதிகளைத் தாண்டி நிலைக்குமா என்பது இரண்டாவது. மின்கலத்தின் ஆற்றல் செறிவு எப்போது நீண்ட ஓட்டத்துக்குப் போதுமானதாகும் என்பது மூன்றாவது. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, புதிய எஞ்சினை வடிவமைக்க முனைவோர் எண்ணிக்கையில் உயர்ந்த திறனை இலக்காக வைப்பதைத் தவிர்த்து, வண்டி எந்த நிலத்தில் ஓடும், யார் ஓட்டுவார், பழுதானால் எங்கே, யாரால் சரிசெய்யப்படும் என்பவற்றை முதலில் வரையறுத்துக்கொள்வதே ஏற்புடைய வழி. அந்த வரையறையைத் தவறவிட்ட எஞ்சின்கள், எவ்வளவு நுட்பமானவையாக இருந்தாலும், களத்தில் நீடித்ததில்லை.